ஆற்றங்கரைத் தடங்களைச் சைக்கிளுக்கு விட்டுவையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வண்டித் தொல்லை இல்லாமல் நாலு நாள் சைக்கிளில் சுற்ற வேண்டுமென்றால் மலைப்பக்கம்தான் போக வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். நம் காவிரி டெல்டாவிலேயே கல்லணையிலிருந்து கடல் வரை வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, வடவாறு, பாமணியாறு, கோரையாறு என்று எத்தனை ஆறுகள்! ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரை. ஒரு கரையில் தார் போட்டு மினி பஸ் ஓடினாலும், எதிர்க்கரை பல இடங்களில் இன்னும் மண் தடமாகவே கிடக்கிறது. அந்தத் தடங்களில் போகிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியவற்றையும், அவற்றைக் காப்பாற்ற நீர்வளத் துறை செய்ய வேண்டியதையும் எழுதுகிறேன்.

முதலில் காலம். வழக்கமான ஆண்டில் மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடப்படும். ஐப்பசி, கார்த்திகையில் கரை முழுக்கச் சேறு. சித்திரை பிறந்தால் தூர்வாரும் வேலை தொடங்கி, பொக்லைன் அள்ளிய வண்டலைத் தடத்தின் மேலேயே கொட்டிவிட்டுப் போகும். ஆக, தை பிற்பாதியிலிருந்து பங்குனி நடுவரைதான் நல்ல காலம்.

புதிதாக வருகிறவர்கள் வடவாற்றில் தொடங்கலாம். தஞ்சையைத் தொட்டுக்கொண்டு போய் வடுவூர் ஏரியை நிரப்பும் ஆறு இது. தஞ்சையிலிருந்து வடுவூருக்குச் சுமார் 25 கிலோமீட்டர். ஏரி 1999-லிருந்து பறவைகள் சரணாலயம், 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. தை மாதத்தில் போனால் வலசை வந்த வாத்துக் கூட்டங்களைப் பார்த்துவிடலாம். அங்கிருந்து மன்னார்குடி, பிறகு பாமணியாற்றங்கரையைப் பிடித்துத் தெற்கே இறங்கினால் முத்துப்பேட்டைப் பக்கம். அலையாத்திக் காட்டுக்குள் சைக்கிள் போகாது. ஜாம்புவானோடையில் வனத்துறை அனுமதியோடு படகுதான். கோடியக்கரை போகிறவர்கள் திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் வழியாகப் போக வேண்டும். அந்தக் கடைசிப் பகுதி தார்ச்சாலை. ஒரு பக்கம் உப்பளம், பிறகு பாலை மரங்கள் அடர்ந்த காடு. வெளிமான் பார்க்க உள்ளே போவதற்கு வனத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மேடும் பள்ளமுமான நிலம்தான் வேண்டும் என்பவர்களுக்குப் புதாறு என்று நாம் சொல்லும் கல்லணைக் கால்வாய். பூதலூரைத் தாண்டி வல்லம் பக்கம் வரும்போது சுற்றிலும் செம்மண் மேடுகள், கரையோரம் தேக்கு. கால்வாய் சமமட்டத்தைப் பிடித்து வளைந்து போவதால், நிலம் ஏறி இறங்கினாலும் கரை ஏறி இறங்காது. காலுக்குச் சிரமமில்லாமல் மேட்டு நிலத்தைப் பார்க்கலாம். ஆனால் சிமெண்ட் சாய்வு போட்ட இடங்களில் கரை விளிம்புக்குப் போகாதீர்கள். பாசி பிடித்த அந்தச் சாய்வில் விழுந்தவர் நீச்சல் தெரிந்தாலும் பிடிமானம் இல்லாமல் மேலே ஏற முடியாது.

டெல்டாவில் மலை ஏற்றம் என்பது காற்றுதான். ஆடிக்காற்று மேற்கிலிருந்து வரும், கடலை நோக்கிப் போகிறவரைத் தள்ளிக்கொண்டே போகும். மாசி, பங்குனியில் மதியத்துக்கு மேல் கடற்காற்று எதிரே வீசும். கிழக்கே போகும் நாளில் விடியற்காலை கிளம்பி பதினோரு மணிக்குள் முக்கால்வாசித் தூரத்தை முடித்துவிட வேண்டும். தெற்கே பட்டுக்கோட்டைப் பக்கம் இது இன்னும் முக்கியம். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த மரங்களின் நிழல் பல இடங்களில் திரும்பி வரவில்லை. மண் தடத்தில் மணிக்கு 10 முதல் 12 கிலோமீட்டர் என்று கணக்கு வைத்தால் ஏமாற்றம் இருக்காது. ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர் வேண்டும். கரையில் கடை கிடையாது, ஊருக்குள் இறங்க வேண்டும்.

திருவையாற்றுப் பக்கம் மண்ணில் மணல் கலந்திருக்கும், மழை விட்ட மறுநாளே ஓட்டலாம். கடைமடைக்குப் போகப்போக வெறும் களி. ஒரு தூறல் போட்டாலும் டயரில் அப்பி, மட்கார்டுக்குள் அடைத்து, சக்கரத்தை நிறுத்திவிடும். தள்ளிப் பார்த்தால் பின்சக்கரம் சுழலாமல் இழுபடும். அந்த நிலையில் பெடலை அழுத்தினால் செயின் அறும். கீழே இறங்கி, ஈரம் காய்வதற்குள் ஒரு குச்சியால் களியைத் தள்ளிவிடுங்கள். வெயிலில் காய்ந்தால் செங்கல்லாகிவிடும். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஒரு விரல் புகும் இடைவெளி இல்லாத வண்டியைக் கடைமடைக்குக் கொண்டுவராதீர்கள். பங்குனி வெயிலிலோ வேறு தொல்லை: களி வெடித்துத் தடத்தின் நீளவாக்கில் பிளவு விடும். 28 மில்லிமீட்டர் டயர் அதற்குள் இறங்கினால் ஹேண்டில்பார் திரும்பாது, ஆள் விழுவார். 38, 40 மில்லிமீட்டர் டயர்தான் சரி. 65 கிலோ எடை உள்ளவருக்கு மண்ணில் 40 பவுண்டு காற்று போதும். கட்டைவிரலால் அழுத்தினால் டயர் சற்றே உள்வாங்க வேண்டும்.

ஊர்ப்புற பஞ்சர் கடைகளை நம்பி வருகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே கிடைக்கும் 28-க்கு 1½ டயர், 635 மில்லிமீட்டர் ரிம்முக்கானது. 700சி என்று விற்கும் புது வகை சைக்கிளின் ரிம் 622. பார்க்க ஒன்று போலிருந்தாலும் டயர் மாறிப் பொருந்தாது. டியூப் அவசரத்துக்கு உதவும். ஆனால் உங்கள் ரிம்மில் மெல்லிய வால்வுக்கான 6 மில்லிமீட்டர் துளை இருந்தால் ஊர் டியூபின் வால்வு நுழையாது. இரண்டு டியூப் கையோடு கொண்டுவாருங்கள். வால்டியூப் (ரப்பர் குழாய் மாட்டிய பழைய வகை வால்வு) வண்டி வைத்திருப்பவருக்கு இந்தக் கவலையே இல்லை. நீண்ட பயணத்துக்கு அந்தக் காலத்துக் கருப்பு சைக்கிளே இங்கே போதுமானது என்பது என் கருத்து.

கோடியக்கரை, வேதாரண்யம் பக்கம் சீமைக்கருவை முள். முள்ளைப் பிடுங்கி, டியூபை ஒட்டிப் போட்டு, அரை மணி நேரத்தில் மறுபடியும் காற்று இறங்கினால் ஒட்டைக் குறை சொல்லாதீர்கள். முள்ளின் முனை ஒடிந்து டயருக்குள்ளேயே நிற்கும். பழைய பனியன் துணியால் டயரின் உள்பக்கத்தை ஒரு சுற்று துடையுங்கள். துணி எங்கே சிக்குகிறதோ அங்கே முனை இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அங்கே இரவு தங்கினால் படுக்கும் முன் செயினுக்கு எண்ணெய் விடுங்கள். உப்புக்காற்றில் விடிவதற்குள் துரு ஏறும்.

அறுவடை நேரத்தில் தார்ச்சாலைக்கு இறங்கினால் வைக்கோலும் உளுந்துச் செடியும் பரப்பிக் கிடக்கும். ஓரமாக ஒதுங்கி இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். அது அவர்கள் களம். வைக்கோல் ஃப்ரீவீலில் சுற்றிக்கொண்டால் உடனே கத்தியால் அறுத்து எடுக்க வேண்டும்.

கரையில் எப்போதும் தடத்தின் நடுவில் ஓட்டுங்கள். நண்டு வளையும் எலி வளையும் உள்ளே குடைந்திருப்பதால் ஆற்றுப்பக்க விளிம்பு சரியும். வடிகால் வந்து கலக்கும் இடத்தில் பெரும்பாலும் கரை அறுந்துவிடும், பாலம் இருக்காது. எந்த மதகின் மேல் தாண்டலாம் என்று மதகுகளைப் பார்த்துக்கொள்ளும் அந்தப் பகுதி நீர்வளத் துறைப் பணியாளரான லஸ்கரைக் கேட்டால் சரியாகச் சொல்வார். ஷட்டருக்குக் கீழே குளிக்கவே வேண்டாம், தண்ணீர் பறித்த மடு இருக்கும். பொழுது சாய்ந்தபின் சூடு ஆறாத தடத்தில் விரியன் படுத்திருக்கும். அதற்குள் ஊர் சேர்ந்துவிடுங்கள்.

இனி நீர்வளத் துறைக்கு. மண் தடமாக மிஞ்சியிருக்கும் கரைகளுக்குத் தார் போட வேண்டாம். களிமண் ஈரத்தில் உப்பி வெயிலில் சுருங்கும். அதன் மேல் போட்ட தார் ஓரத்திலிருந்து உடைகிறது. உடைவதற்கு முன்னாலேயே குறுக்கு வழி தேடும் கார்களும் டிப்பர்களும் வந்துவிடுகின்றன. பத்து சென்டிமீட்டர் கப்பி பரப்பி, தண்ணீர் தெளித்து உருளை ஓட்டி, நடுவில் மீட்டருக்கு 4 சென்டிமீட்டர் உயரம் கொடுத்தால் மழைத்தண்ணீர் சக்கரத் தடத்தில் தேங்காது. கரை அரிப்பு தொடங்குவது அந்தத் தேக்கத்தில்தான் என்பது பொறியாளர்களுக்குத் தெரியாததல்ல.

தடம் தொடங்கும் இடத்தில் 1.2 மீட்டர் இடைவெளியில் கல் நடுங்கள். சைக்கிளும் மொபெட்டும் போகும், கார் போகாது. வயலுக்கு டிராக்டர் போக வேண்டிய கரையில் 2.2 மீட்டர் விட்டால் டிராக்டர் நுழையும், டிப்பர் நுழையாது. நடுக்கல்லுக்குப் பதிலாகப் பூட்டுப் போட்ட இரும்புக் குழாய் வைத்து, சாவியை லஸ்கரிடம் கொடுத்தால் அறுவடை இயந்திரத்துக்கும், வெள்ளக் காலத்தில் மணல் மூட்டை ஏற்றிவரும் லாரிக்கும் திறந்துவிடலாம். விவசாயியின் வழியை மறித்துவிட்டுச் சைக்கிள் பாதை யாருக்கும் வேண்டாம்.

ரயில்வேக்கும் ஒரு கோரிக்கை. 2023-ல் திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளிக்கு மறுபடியும் ரயில் வந்துவிட்டது. கோடியக்கரையிலிருந்து திரும்புகிறவர்கள் கட்டணம் செலுத்திச் சைக்கிளை ஏற்றிக்கொள்ள அந்த ரயிலின் ஒரு பெட்டியில் பத்து சைக்கிளுக்கு இடம் ஒதுக்கினால் போதும்.

இப்படிக்கு,
சைக்கிள் பயணி,
மன்னார்குடி