பழைய ஃபோர் வீல் டிரைவ் வாங்கும்போது அடியில பாருங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

பழைய கார் வாங்குறத பத்தி எல்லாரும் எழுதுறாங்க, மைலேஜ் பெயிண்ட்னு வருது, ஆனா சின்ன ஃபோர் வீல் டிரைவ் எஸ்யூவி பத்தி ஒரு வரி கூட வர்றதில்ல, அதான் எழுதுறேன். சுசுகி ஜிம்னி, 1988ல வந்த முதல் விட்டாரா எல்லாம் ஃபிரேம்ங்கிற இரும்புச் சட்டத்து மேல பாடி நிக்கிற வண்டி, அதனால பாடி பளபளன்னு இருக்குன்னு நம்பாதீங்க, கீழ குனிஞ்சு டார்ச் அடிச்சு துரு இருக்கான்னு பாருங்க, துருவ புது கருப்பு பெயிண்ட் அடிச்சு மறைச்சிருந்தா அந்த வண்டி வேண்டவே வேண்டாம்.

ஓட்டிப் பாக்கும்போது மண் ரோட்டுக்கு கூட்டிட்டு போய் ஃபோர் வீல் டிரைவ்ல ஹை (சாதாரண வேகத்துக்கு), லோ (மெதுவா, அதிக இழுவைக்கு) ரெண்டும் விழுதான்னு பாருங்க. காஞ்ச தார் ரோட்டுல ஃபோர் வீல் டிரைவ போடவே போடாதீங்க, தேவைப்படும்போது மட்டும் நாலு சக்கரத்துக்கும் பவர் குடுக்குற இந்த மாதிரி பார்ட் டைம் சிஸ்டத்துல, முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் வேற வேற வேகத்துல சுத்த விடுற சென்டர் டிஃபரென்ஷியல் கிடையாது, வளைவுல முன்சக்கரமும் பின்சக்கரமும் வேற வேற தூரம் ஓடணும், அது முடியாம, பவர முன்னாடியும் பின்னாடியும் பிரிச்சு அனுப்புற டிரான்ஸ்ஃபர் கேஸ் இறுகிப் போயிடும். நாலு டயரும் ஒரே சைஸ், ஏறக்குறைய ஒரே தேய்மானமா இருக்கணும்.

இஞ்சின் ஆயில் மாத்துறவங்க கூட டிரான்ஸ்ஃபர் கேஸ், முன்னாடி பின்னாடி அச்சுல இருக்குற ரெண்டு டிஃபரென்ஷியல் ஆயில மறந்துடுறாங்க, மனசு கேக்க மாட்டேங்குது சார். ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தா தண்ணி உள்ள போயிருக்கு, உடனே மாத்துங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்