கிராம்பு ஏன் தாமதம்? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். போன மாதமே வர வேண்டிய கிராம்பு இன்னும் வரவில்லையே என்று பலர் கேட்டிருந்தீர்கள். பணம் வாங்கிக்கொண்டு காக்க வைத்தது எங்கள் தவறு, மன்னித்துக்கொள்ளுங்கள்.

நடந்தது இதுதான். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்து மாறாமலையில் பறித்த மொட்டுகளைப் பாயில் பரப்பிய இரண்டாம் நாளே மழை பிடித்துக்கொண்டது. கிராம்புக்கு நான்கைந்து நாள் நல்ல வெயில் விடாமல் வேண்டும். இல்லாவிட்டால் மொட்டு புழுங்கி, சுருங்கி, வெளிறிப்போகும். மூட்டையைப் பிரித்துக் கையில் அள்ளியதுமே தெரிந்துவிட்டது. ஒடித்துப் பார்த்தால் சட்டென்று முறியவில்லை, வளைந்தது. மணமும் மங்கலாக இருந்தது. நல்ல சரக்கோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துவிடலாம் என்று சொன்னவர்களும் உண்டு. எங்களுக்கு மனம் வரவில்லை. மொத்தத்தையும் ஒதுக்கிவிட்டு அடுத்த பறிப்புக்குக் காத்திருந்தோம்.

அதுவும் உடனே கிடைக்காது. பச்சை மொட்டு சிவக்கத் தொடங்கும்போது, பூ விரிவதற்குள் பறிக்க வேண்டும். மரத்தில் எல்லாக் கொத்தும் ஒரே நாளில் பக்குவத்துக்கு வராது. உயரமான மரம், ஏணி வைத்துத் திரும்பத் திரும்ப ஏறிக் கையால்தான் பறிக்கிறார்கள். அப்படிப் பறித்த மூன்று கிலோ காய்ந்தால் ஒரு கிலோதான் தேறும். விலை ஏன் இப்படி என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில்.

நாவல், கொய்யா குடும்பத்து மரம் இது. சொந்த மண் இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகள். விலை இறங்கக் கூடாதென்று 17ஆம் நூற்றாண்டில் டச்சுக் கம்பெனி அம்போன் பக்கம் மட்டும் விட்டுவைத்து, மற்றத் தீவுகளில் மரங்களை வெட்டிச் சாய்த்தது. நம் பக்கம் வந்தது 1800 வாக்கில், கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்தில் போட்ட தோட்டத்துக்கு. கன்னியாகுமரி கிராம்புக்கு 2021-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தப் பெயரைச் சொல்லி வெளிறிய சரக்கை எப்படி அனுப்புவது?

சரி, புதுச் சரக்கு நன்றாகக் காய்ந்து வந்துவிட்டது. பார்சல் கைக்கு வந்ததும் ஒரு கிராம்பை நகத்தால் அழுத்திப் பாருங்கள், எண்ணெய் கசிய வேண்டும். தண்ணீரில் போட்டால் அமிழும், அல்லது தலை மேலாக நிற்கும். எண்ணெய் எடுத்த சக்கையென்றால் படுத்து மிதக்கும். அப்படி ஒரு பிடி வந்தாலும் திருப்பி அனுப்புங்கள், தபால் செலவு எங்களுடையது.

திங்கட்கிழமையிலிருந்து, பதிவு செய்த வரிசைப்படியே அனுப்புகிறோம். பழைய விலைதான். இனிக் காத்திருக்க முடியாதவர்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பணத்தை அன்றே திருப்பிவிடுகிறோம்.

அன்புடன்,
கடையிலிருந்து
நாகர்கோவில்