ஐப்பசி மழைக்கு முன்னால் பின்னறையைத் திறந்துவிடுங்கள்

புதுச்சேரி நேரு வீதி, மிஷன் வீதி, ஒயிட் டவுன் பகுதிகளில் டிசைனர் உடைக்கடை நடத்தும் முதலாளிகளுக்கு,

வணக்கம். காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் சர்ப்ளஸ் (மிச்சச் சரக்கு) உருப்படி விற்பவர்கள் எழுதுகிறோம். ஆடித் தள்ளுபடியிலும் போகாமல், தீபாவளிக்குள் பழசாகிப்போய், பின்னறை அட்டைப்பெட்டியில் கிடக்கும் சரக்கைப் பற்றித்தான் இந்த மடல். பிராண்ட் பெயர் கெடக்கூடாது என்று அதைக் கத்தரியால் கிழித்துக் குப்பையில் போடுபவர்கள் உண்டு. பிறகு பார்க்கலாம் என்று பூட்டி வைப்பவர்கள் இன்னும் அதிகம். பூட்டி வைத்தால் கத்தரியின் வேலையைக் கடற்காற்று செய்துவிடுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பாலித்தீன் உறைக்குள் இருந்தால் துணி பத்திரம் என்பது தப்புக் கணக்கு. ஈரக்காற்றோடு மூடிய உறை ஈரத்தை வெளியே விடாது. கார்த்திகையில் மூடியதைப் பொங்கலுக்குத் திறந்தால் மடிப்பெல்லாம் கறுப்புப் புள்ளியாகப் பூசணம் பிடித்திருக்கும். வெள்ளை, கிரீம் நிறங்களுக்கு இன்னொரு தொல்லை. சில உறைகளில் பிளாஸ்டிக் கெடாமலிருக்கச் சேர்க்கும் பிஎச்டி (BHT) என்ற ரசாயனம், வண்டிப் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடோடு சேர்ந்து துணியில் மஞ்சள் ஏற்றும். இது பெரும்பாலும் நல்ல வெயிலில் காயவைத்தாலே மங்கிவிடும். விவரம் தெரியாமல் இதையும் ‘டேமேஜ்’ மூட்டையில் கட்டிவிடுகிறார்கள். மட்டமான முலாம் பூசிய ஹூக்கும் ஜிப்பும் உப்புக்காற்றில் துருப்பிடித்துச் சுற்றிலும் காவிக்கறை விடும். தோல் போலத் தெரியும் பியூ (பாலியூரிதேன்) பூச்சு ஜாக்கெட் உரிந்து பொடியாகும். அதற்கு மருந்தே இல்லை. எலாஸ்டிக் இழுவை விட்டுப்போகும்.

வைத்துத்தான் ஆக வேண்டுமென்றால் தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் அரை அடியாவது தள்ளி, மரப்பலகை மேல் வையுங்கள். உறையின் வாயைத் திறந்து விடுங்கள். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது இந்த ஊரில் ஒரே நாளில் 40 செ.மீ.-க்கு மேல் கொட்டியது. தரையோடு தரையாக அடுக்கிய பெட்டி அப்படி ஒரு நாளைத் தாங்காது.

இனி வரிக் கணக்கு. இதைச் சரியாகப் போட்டுப் பார்த்தால் பாதிப் பேர் கத்தரியைக் கீழே வைத்துவிடுவார்கள். சரக்கை அழித்தாலும், கணக்கிலிருந்து தள்ளினாலும், இலவசமாகக் கொடுத்தாலும், ஜிஎஸ்டி சட்டம் 17(5)(எச்) பிரிவின்படி கொள்முதலில் எடுத்த உள்ளீட்டு வரியை (வாங்கும்போது கட்டி, விற்பனை வரியில் கழித்துக்கொள்ளும் தொகை) திருப்பிக் கட்ட வேண்டும். நட்டத்துக்கு விற்றால் கட்ட வேண்டியதில்லை. 4,000 ரூபாய்க்கு எடுத்த கவுன் ஒன்று. 18 சதவீதக் கணக்கில் உள்ளீட்டு வரி 720 ரூபாய். கிழித்துப் போட்டால் 4,000-மும் போச்சு, 720-மும் கைவிட்டுப் போகும். அதையே 900 ரூபாய்க்கு விற்றால், 2,500 வரையிலான உடைக்கு 5 சதவீதம்தான், 45 ரூபாய் வரி. 720 உங்களிடமே நிற்கும். வருமான வரியில் நன்கொடைச் சலுகையும் பணமாகக் கொடுத்தால்தான், துணியாகக் கொடுத்தால் இல்லை. தானம் வேண்டாமென்று சொல்லவில்லை. கணக்குப் பார்த்துச் செய்யுங்கள். எரிப்பதைப் பற்றி நினைக்கவே வேண்டாம். திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000, பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் அபராதம் என்று பசுமைத் தீர்ப்பாயம் 2016-லேயே சொல்லிவிட்டது.

பெயர் கெடும் என்ற பயம் நியாயமானதே. இங்கிலாந்தின் ஆடம்பர உடை நிறுவனமான பர்பரி ஒரே நிதியாண்டில் 2.86 கோடி பவுண்டு மதிப்புள்ள சரக்கை அழித்ததும் அந்தப் பயத்தில்தான். 2018-ல் செய்தி வெளியாகி, கெட்டது பெயர். அதே ஆண்டு செப்டம்பரில் நிறுத்திக்கொள்வதாக அறிவித்தார்கள். நம் ஊர் வீதிகளுக்குப் பெயர் வைத்த பிரான்சில், விற்காத உடையை அழிப்பது 2022 முதல் சட்டப்படி தடை. பயத்துக்கு வழி லேபிளில் இருக்கிறது. பிராண்ட் பெயருள்ள மெயின் லேபிளை மட்டும் எடுங்கள், அதுவும் தையல் பிரிக்கும் ஊசியால். பனியன் துணியில் கத்தரி போட்டு இழுத்தால் கழுத்துப்பட்டிக்குக் கீழே ஓட்டை விழும். கழுத்துத் தையலுக்குள் போன லேபிள் என்றால் ஓரமாக வெட்டி 2 மி.மீ. விட்டுவிடுங்கள், அல்லது லேபிள் மேல் கறுப்பு மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள், யாரும் உங்கள் கடைக்குத் திரும்பக் கொண்டுவந்து மாற்றவும் முடியாது. இடுப்புத் தையலில் இருக்கும், துணி வகையும் துவைக்கும் முறையும் எழுதிய வாஷ் கேர் லேபிளைத் தயவுசெய்து தொடாதீர்கள். அது போனால் விஸ்கோஸ் எது, பட்டு எது என்று வாங்குபவருக்குத் தெரியாது. ஒரே சலவையில் சுருங்கிவிடும். பழி எங்கள் மேல்.

அந்த லேபிள் இன்னொன்றுக்கும் சாட்சி. எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் (ஏற்றுமதியில் மிஞ்சியது) என்று கூவி விற்பதெல்லாம் சர்ப்ளஸ் இல்லை. ரிஜெக்ட் ஆகும் என்று 3 முதல் 5 சதவீதம் கூடுதலாக வெட்டித் தைப்பதில் மிஞ்சுவதுதான் அசல் லாட். அதில் சைஸ் உடைந்திருக்கும், எம் இருந்தால் எல் இருக்காது. எல்லா நிறத்திலும் எல்லா சைஸிலும் குவிந்திருந்தால் அது பெரும்பாலும் நகல். அமெரிக்காவுக்குத் தைத்ததில் பெரும்பாலும் ‘ஆர்என்’ என்ற நிறுவனப் பதிவு எண் லேபிளில் இருக்கும், அந்த நாட்டு வர்த்தக ஆணையத் தளத்தில் தேடிப் பார்க்கலாம். திருப்பூர் காதர்பேட்டையில் எடுப்பவர்களும் காந்தி வீதியில் ஞாயிறன்று பொறுக்குபவர்களும் இதைத்தான் பார்க்க வேண்டும்.

கொடுக்கும்போது மூன்றாகப் பிரியுங்கள்: ஒன்று, முழுசு; இரண்டு, பட்டன் போனது அல்லது தையல் விட்டது; மூன்று, கறை அல்லது கிழிசல். கலந்து கட்டினால் எடுப்பவர் மோசமான உருப்படியை வைத்துத்தான் விலை சொல்வார். சைஸ், துணி, எண்ணிக்கை, குறை எழுதிய தாள் ஒன்று போதும். மூன்றாவது வகையை மட்டும் கிலோவுக்குப் போடலாம். பனியன் துணி எண்ணெய் உறிஞ்சும் என்பதால் ஒர்க்‌ஷாப்புக்கு வேஸ்ட் துணியாகப் போகும். ஜார்ஜெட்டும் ஜமிக்கி வேலையும் அதற்கும் ஆகாது, நூலாகப் பிரிக்கவும் லேசில் முடியாது. அதனால்தான் அவற்றை முதலில் விற்கச் சொல்கிறோம்.

பக்கத்துத் தெருவிலேயே தொங்குவது பிடிக்கவில்லையா, கடலூர் வியாபாரிகளுக்குக் கொடுங்கள். மஞ்சக்குப்பமும் திருப்பாதிரிப்புலியூரும் எட்டும் தூரம்தான். ஆனால் அது வேறு மாநிலம்: பில்லில் ஐஜிஎஸ்டி (மாநிலம் விட்டு மாநிலம் விற்பதற்கான ஜிஎஸ்டி) போட வேண்டும், சரக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் (சரக்கு கொண்டுபோவதற்கான மின்னணுச் சீட்டு) வேண்டும். காம்போசிஷன் திட்டத்தில் (சிறு வியாபாரிகளுக்கான எளிய ஜிஎஸ்டி முறை) இருக்கும் கடைகள் எல்லை தாண்டி விற்கவே முடியாது, அவர்கள் உள்ளூரிலேயே முடித்துக்கொள்ளட்டும்.

புரட்டாசிக்குள் பெட்டியைப் பிரித்துத் தாளை எழுதி வையுங்கள். பில்லோடு கொடுங்கள், பில்லோடு எடுத்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் சர்ப்ளஸ் உருப்படி விற்பவர்கள்