குர்லா டிக்கெட் வரிசையில் நின்றவருக்கு நன்றி

அன்புள்ள எல்லோருக்கும்,

எதற்காக மும்பை போனோம், அங்கே என்ன ஆயிற்று என்பது இதைப் படிக்கும் பலருக்கும் தெரியும். வீடு வந்து நான்கு நாள் ஆகிறது. கடைசி ரிப்போர்ட் நல்லபடியாக வந்துவிட்டது. அதற்குமேல் அதைப் பற்றி எழுத இப்போது மனம் வரவில்லை. நன்றி சொல்ல மட்டும் உட்கார்ந்திருக்கிறோம்.

முதல் நன்றி, பெயர்கூடத் தெரியாத ஒருவருக்கு. குர்லா ஸ்டேஷனின் கிழக்குப் பக்க டிக்கெட் வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்றவர். அவருக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்கு இந்தி தெரியாது. "பரேல்" என்ற ஒரு சொல்லும், அங்கே இருக்கும் டாடா புற்றுநோய் ஆஸ்பத்திரியின் கோப்பும்தான் இருவருக்கும் நடுவில் இருந்தன. அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு பழைய ரசீதை எடுத்து, பின்பக்கத்தில் வழியை எழுதித் தந்தார். அதில் மொழி என்று எதுவும் இல்லை. எண்கள், சில ஆங்கில எழுத்துகள், டிக், பெருக்கல் குறி, ஒரு வட்டம். மூன்று நிமிட வேலை. அந்தச் சீட்டு இன்று எங்கள் ரேஷன் கார்டு உறைக்குள் பத்திரமாக இருக்கிறது.

ஐயா, நீங்கள் போட்ட ஒவ்வொரு குறியும் ஏன் அங்கே இருந்தது என்பது போகப் போகத்தான் புரிந்தது. புரிந்ததை இங்கே எழுதி வைக்கிறோம். நம் ஊரிலிருந்து அடுத்துப் போகிறவர்களுக்கு உங்கள் சீட்டு போய்ச் சேரட்டும்.

மேலே ஓர் ஆட்டோ படம், அதன்மேல் பெருக்கல் குறி. மும்பையில் ஆட்டோ புறநகருக்கு மட்டும்தான். இந்தப் பக்கம் சயான், அந்தப் பக்கம் பாந்த்ரா, அதோடு அதன் எல்லை முடிந்தது. அதற்குத் தெற்கே டாக்ஸிதான் ஓடலாம். நம் ஊர் ரயில் வந்து நிற்கும் லோக்மான்ய திலக் டெர்மினஸ் வாசலில் இறங்கி "பரேல்" என்று சொல்லி ஆட்டோ ஏறினால், மிஞ்சிப்போனால் சயான் வரை போகலாம். பெட்டி படுக்கையோடும் நோயாளியோடும் அங்கே இன்னொரு வண்டி தேட வேண்டும். ஆகவே டெர்மினஸிலிருந்து எங்களுக்குத் தெரிந்து இரண்டு வழி. ஒன்று, கறுப்பு மஞ்சள் டாக்ஸியில் நேராக ஆஸ்பத்திரி வாசல். 2025 பிப்ரவரி முதல் டாக்ஸிக்குக் குறைந்தபட்சம் 31 ரூபாய், ஆட்டோவுக்கு 26. முதல் ஒன்றரை கிலோமீட்டருக்கான கட்டணம் இது. நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை கால் பங்கு கூடுதல். நோயாளி தளர்ந்திருந்தால் யோசிக்கவே வேண்டாம், டாக்ஸிதான். இன்னொரு வழி, குர்லா ஸ்டேஷன் வரை ஆட்டோவில் வந்து லோக்கல் ரயில் பிடிப்பது. சென்னையில் எடுத்த டிக்கெட் டெர்மினஸோடு முடிந்துவிடும். லோக்கலுக்குத் தனி டிக்கெட் வேண்டும். குர்லாவிலிருந்து பரேலுக்கு இரண்டாம் வகுப்பு 5 ரூபாய். அந்த டிக்கெட்டோடு ஏசி லோக்கலிலோ, வெளியே சாய்கோடு போட்ட முதல் வகுப்புப் பெட்டியிலோ ஏறக்கூடாது. பரிசோதகர் வந்தால் அபராதம்தான்.

அடுத்து "7 8" என்று எழுதி அடித்திருந்தார். சீட்டிலேயே விலைமதிப்பில்லாத வரி இதுதான் என்று இப்போது நினைக்கிறோம். டெர்மினஸ் இருப்பது ஸ்டேஷனுக்குக் கிழக்கே. அந்தப் பக்கமிருந்து உள்ளே வந்தால் முதலில் கண்ணில் படுவது 7, 8 நடைமேடைகள். அவை ஹார்பர் லைன் என்ற வேறொரு லோக்கல் பாதைக்கானவை. அங்கே வரும் வண்டியிலும் "சி.எஸ்.எம்.டி." (சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ்) என்றுதான் போட்டிருக்கும். பரேல் வழியாகப் போகும் மெயின் லைன் நடைமேடையிலும் அதே "சி.எஸ்.எம்.டி."தான். இரண்டும் கடைசியில் போய்ச் சேரும் இடம் ஒன்று, ஆனால் போகிற பாதை வேறு. ஹார்பர் வண்டி சூனாபட்டி, ஜி.டி.பி. நகர், வடாலா, சிவ்ரி, காட்டன் கிரீன் என்று கிழக்கு ஓரமாகவே போய்விடும். தாதரும் பரேலும் அந்தப் பாதையில் கிடையாது. பலகையைப் படிக்கத் தெரிந்தவர்களே ஏமாறும் இடம் இது, ஏனென்றால் பலகையில் தவறே இல்லை. தெரியாமல் ஏறிவிட்டால் பதற வேண்டாம். சிவ்ரியில் இறங்கி டாக்ஸி பிடித்தால் ஆஸ்பத்திரி அதிக தூரமில்லை. மும்பைக்காரர்கள் சி.எஸ்.எம்.டி.யை இன்னும் "வி.டி." என்று சொல்வார்கள். விக்டோரியா டெர்மினஸ் என்ற பெயர் 1996-லேயே மாறிவிட்டது, பேச்சில் மாறவில்லை. வி.டி. என்றாலும் சி.எஸ்.எம்.டி. என்றாலும் ஒரே இடம்தான்.

அதற்குக் கீழே "எஸ்" என்ற எழுத்துக்கு டிக், "எஃப்" என்ற எழுத்துக்குப் பெருக்கல். எழுதியதோடு விடவில்லை. டிக்கெட் வாங்கியபின் எங்களோடு படியேறி வந்து, நடைமேடையில் தொங்கும் மின்பலகையின் அடியில் நிறுத்தி, அந்த எழுத்து இருக்கும் இடத்தை விரலால் காட்டினார். எஸ் என்றால் ஸ்லோ, எல்லா நிலையத்திலும் நிற்கும். எஃப் என்றால் ஃபாஸ்ட். வழக்கமான ஃபாஸ்ட் வண்டி குர்லாவை விட்டால் தாதர், அதை விட்டால் பைகுலா. பரேலை விட்டுவிடும். தவறி ஃபாஸ்டில் ஏறியவர்கள் தாதரிலேயே இறங்கிவிடுவது நல்லது. அங்கிருந்து ஸ்லோ பிடிக்கலாம், டாக்ஸியிலும் போய்விடலாம். தாதரையும் விட்டுவிட்டால் பைகுலாவில் இறங்கி, எதிர்ப்பக்கம் வரும் ஸ்லோவில் ஏறினால் சின்ச்போக்லி, கர்ரி ரோடு, மூன்றாவது பரேல்.

பிறகு 1, 2, 3, 4 என்று வரிசையாக எழுதி, நாலைச் சுற்றி ஒரு வட்டம். சயான், மாட்டுங்கா, தாதர், பரேல். பெயர்ப்பலகை கண்ணில் படாத கூட்டத்திலும் எண்ண முடியும் அல்லவா! அதைத்தான் யோசித்திருக்கிறார். மூன்றின் பக்கத்தில் மட்டும் இரண்டு அம்புக்குறிகள், ஒன்று வெளியே, ஒன்று உள்ளே. தாதரில் இறங்கும் கூட்டமும் ஏறும் கூட்டமும் அப்படி. இறங்க வேண்டாதவர்கள் அங்கே கதவோரம் நின்றால் கூட்டமே நடைமேடைக்குத் தள்ளிவிடும், திரும்ப ஏறுவதற்குள் வண்டி கிளம்பிவிடும். அதனால் தாதர் வரை உள்ளே தள்ளி நில்லுங்கள். தாதரை விட்டு வண்டி நகர்ந்ததும் கதவுப் பக்கம் நகருங்கள். முன்னால் நிற்பவரிடம் "பரேல்?" என்று ஒரு வார்த்தை போதும். அவர் இறங்குகிறவர் என்றால் தலையாட்டுவார், அவர் பின்னாலேயே இறங்கலாம். இல்லையென்றால் ஒதுங்கி வழிவிடுவார். வண்டி அரை நிமிடம்கூட நிற்பதில்லை, அதனால் இந்த ஏற்பாட்டை மும்பைக்காரர்கள் யாரும் மீறுவதில்லை. காலை எட்டு மணி முதல் பதினொன்று வரை வி.டி. பக்கம் போகும் வண்டிகளில் பெட்டியோடு ஏற முயல வேண்டாம். அதற்கு முன்போ பின்போ போங்கள்.

சீட்டின் ஓரத்தில் "ஈ" என்ற எழுத்துக்கு டிக், "டபிள்யூ"வுக்குப் பெருக்கல். பரேலில் கிழக்குப் பக்கம் இறங்கினால் கே.இ.எம். ஆஸ்பத்திரியும் டாடாவும். மேற்கே போனால் பாலம் உங்களைப் பிரபாதேவி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் விடும். அது வெஸ்டர்ன் லைன் என்ற வேறு பாதை. 2018 வரை அதற்கு எல்ஃபின்ஸ்டன் ரோடு என்று பெயர், பழைய ஆட்கள் இன்னும் அப்படித்தான் சொல்வார்கள். 2017 செப்டம்பர் 29 அன்று அங்கிருந்த குறுகிய நடைபாலத்தில் நெரிசலில் 23 பேர் இறந்தார்கள். அதன்பின் ராணுவம் வந்து புதிய பாலம் கட்டியது. மழை நேரத்தில் பாலத்தின் படியில் கூட்டம் தேங்கினால் அவசரப்படாமல் நடைமேடையிலேயே ஐந்து நிமிடம் நின்றுவிட்டுப் போங்கள். அடுத்தவர் சொல்லித்தான் நாங்களும் இதைக் கற்றோம்.

இதுவரை சொன்னவை சீட்டில் இருந்தவை. சீட்டில் எழுத முடியாத ஒன்றும் இருந்தது. கிளம்புவதற்கு முன் அவர் எங்கள் கோப்பை ஒருமுறை பார்த்தார். பிறகு தன் காதைத் தொட்டுக் காட்டி, "பீப்… பீப்… பீப்…" என்றார். மறுபடியும் காதைத் தொட்டு, மறுபடியும் "பீப்". எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினோம். அவர் போன பிறகுதான் நடைமேடையில் ஓரிடத்திலிருந்து விட்டுவிட்டு ஒரு ஒலி வந்துகொண்டே இருப்பது காதில் விழுந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கான பெட்டி வந்து நிற்கும் இடம் அது. பார்வையற்றவர்கள் அந்த இடத்தைக் கண்டுகொள்வதற்காக வைத்த கருவி. அந்தப் பெட்டியில் புற்றுநோயாளிகளும் கர்ப்பிணிகளும் ஏறலாம் என்பது விதி. பொதுப்பெட்டியின் நெரிசலில் ஒரு நோயாளி நிற்கவே முடியாது. கோப்பைப் பார்த்த அந்தக் கணத்தில் அவர் இதை நினைத்திருக்கிறார், நினைத்ததைச் சொல்ல வார்த்தை இல்லாமல் ஒலியாகச் சொல்லியிருக்கிறார். ஐயா, அதற்குப் பிறகு ஒவ்வொரு பயணத்திலும் அந்தச் சத்தத்தைத் தேடிப் போய்த்தான் நின்றோம். ஆஸ்பத்திரி அட்டையைக் கைப்பையின் மேலாக வைத்துக்கொண்டால் கேட்பவரிடம் உடனே காட்டலாம். நீங்கள் எங்களுக்குச் செய்ததிலேயே பெரிது அந்த "பீப்"தான்.

சீட்டின் மூலையில் "சன்" என்றும் எழுதி, 11–4 என்று போட்டு அடித்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக். தண்டவாளப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மாலை வரை ஏதாவது ஒரு பகுதியை நிறுத்துவார்கள். ஸ்லோ வண்டி ஃபாஸ்ட் தடத்தில் போகும், நடைமேடை மாறும், சில நிலையங்களில் நிற்காது. நாலு வரை எண்ணும் கணக்கு அன்றைக்குச் செல்லாது. எந்த ஞாயிறு எந்தப் பகுதி என்று முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள், சனிக்கிழமையே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நவி மும்பையில் இருக்கும் டாடாவின் கார்கர் மையத்துக்கு அனுப்பப்படுகிறவர்களுக்கு மட்டும் ஒரு சேர்க்கை. அங்கே போக, அடித்துவிட்ட அதே 7, 8-க்குத்தான் வர வேண்டும். பரேலிலிருந்து ஸ்லோவில் குர்லா, அங்கே ஹார்பர் லைன் பன்வேல் வண்டி, குர்லாவை விட்டுப் பதினோராவது நிலையம் கார்கர். வாஷி வண்டி வாஷியோடு நின்றுவிடும். பேலாப்பூர் வண்டி ஒரே ஒரு நிலையம் முன்னால் முடிந்துவிடும். பன்வேல் என்று போட்டிருந்தால் மட்டும் ஏறுங்கள். திரும்பும்போது "தாணே" என்று போட்ட வண்டி வந்தால் விட்டுவிடுங்கள், அது குர்லா பக்கமே வராது. ஏறிவிட்டால் நேருலில் இறங்கி மாறுங்கள். ஊரிலிருந்து நேரே கார்கர் போகிறவர்களுக்குக் குர்லாவே வேண்டாம். டெர்மினஸுக்குப் பக்கத்திலேயே திலக் நகர் ஸ்டேஷன் இருக்கிறது, அங்கிருந்து மாறாமல் போகலாம்.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்ல வேண்டியிருக்கிறது, மன்னியுங்கள். இரவு இரண்டு மணிக்கு மீட்டருக்குமேல் ஒரு ரூபாயும் வாங்காத டாக்ஸிக்காரர். மாட்டுங்காவிலிருந்து வாரம் தவறாமல் ரசம் சாதம் கொண்டுவந்த அக்கா. பிளேட்லெட் கொடுத்த தாராவித் தம்பிகள், உங்கள் பெயர்களை எழுத வேண்டாம் என்று நீங்களே சொன்னதால் எழுதவில்லை. ரயில் சலுகையைப் புரியவைத்த முன்பதிவு கவுண்டர் அம்மா. ஆஸ்பத்திரி தரும் சலுகைச் சான்றிதழைக் காட்டினால் ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏசியிலும் நோயாளிக்கு முழுக்கட்டணமும் தள்ளுபடி, துணைக்குப் போகும் ஒருவருக்கு முக்கால் பங்கு தள்ளுபடி. அவர் சொல்லாமல் இருந்திருந்தால் திரும்பும் பயணத்துக்கும் முழுப் பணம் கட்டியிருப்போம். எல்லோருக்கும் எங்கள் வீட்டுக் கதவு எந்நேரமும் திறந்திருக்கும்.

ஐயா, உங்களைத் தேடினோம். அதே கவுண்டருக்கு அதே நேரத்தில் மூன்று முறை போய் நின்றோம். ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் பேர் கடக்கும் இடம் அது, கிடைக்கவில்லை. அதனால் உங்கள் சீட்டை அப்படியே கெட்டி அட்டையில் வரைந்து வைத்திருக்கிறோம். தமிழில் ஒரு எழுத்தும் சேர்க்கவில்லை. டாடாவுக்கு அசாமிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வருகிறார்கள், அவர்களுக்கும் புரிய வேண்டும். புதிதாகச் சேர்த்தது ஒன்றுதான், ஒரு காது படம். பக்கத்தில் மூன்று புள்ளிகள்.

ஆறு மாதம் கழித்து மறுபரிசோதனைக்குப் போகும்போது ஐம்பது அட்டைகளாவது பையில் இருக்கும், டெர்மினஸ் வாசலில் கோப்போடு நிற்பவர்களுக்குக் கொடுப்போம். இடையில் போகிறவர்கள் கேட்டால் அனுப்பித் தருகிறோம். ஒன்றே ஒன்று: குர்லாவில் ஹார்பர் நடைமேடைகளை மேல்தளத்துக்கு மாற்றும் வேலை நடக்கிறது. தாதரில் 2023 டிசம்பரில் மெயின் லைன் நடைமேடை எண்கள் ஒரே நாளில் மாறியதுபோல், 7, 8 என்பதும் மாறலாம். போய்ப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் எங்களுக்குச் சொல்லுங்கள். அட்டையில் அந்த இடத்தைப் பென்சிலால்தான் எழுதியிருக்கிறோம்.