ஜனாஸாவுக்கு மட்டும் திறக்கும் கதவு

தஜிகிஸ்தானில் மத விவகாரங்களைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

2011ஆம் ஆண்டின் பெற்றோர் பொறுப்புச் சட்டத்தை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 18 வயது நிரம்பாதவர்கள் பள்ளிவாசலுக்கு வரக்கூடாது. ஜனாஸா, அதாவது இறந்தவருக்கான தொழுகை, என்றால் வரலாம். அந்தச் சலுகையின் தயவில்தான் என் 15 வயது மகன் போன மாதம் துஷான்பேயில் ஒரு பள்ளிவாசலுக்குள் முதன்முதலாகக் காலடி வைத்தான். மௌத்தானவர் என் தகப்பனார்.

தொழுகையில் என் பக்கத்தில் நின்றான். இமாம் இரண்டாவது தக்பீர் (அல்லாஹு அக்பர்) சொன்னதும், மற்றத் தொழுகைகளில் போல ருகூவுக்குக் குனிந்துவிட்டான். ஜனாஸாத் தொழுகையில் ருகூ இல்லை என்று அவனுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? அடுத்து நின்ற பெரியவர் தோளைத் தொட்டு நிமிர்த்தினார். வெளியே வந்து காலணியை மாட்டிக்கொண்டே கேட்டான்: “இனி எப்போது வரலாம்? வேறு யாராவது இறந்தாலா?”

என் தகப்பனார் சோவியத் காலத்தில், திரை போட்ட ஹுஜ்ராவில், அதாவது மறைவாக மார்க்கம் படிக்கும் அறையில், ஓதப் பழகியவர். மார்க்க அறிஞர் முஹம்மத்ஜான் ஹிந்துஸ்தானி இதே நகரில் அப்படி மறைவாகப் பாடம் நடத்தியது உங்களுக்கும் தெரியும். நாத்திக ஆட்சியிலேயே பாட்டனுக்கு ஓர் உஸ்தாது (ஆசிரியர்) கிடைத்தார். பேரனுக்குக் கிடைத்திருப்பது கைப்பேசி.

பெற்றோர் எழுதிக் கொடுத்தால், அனுமதி பெற்ற இடத்தில் பிள்ளைகள் மார்க்கம் படிக்கலாம் என்கிறது சட்டம். கையெழுத்துப் போட நான் தயார். இடம் எங்கே? 2013 தொடங்கி மதரசாக்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஒன்றையாவது திறந்துவிடுங்கள்.

நாம் பின்பற்றும் ஹனஃபி மரபின் இமாம் அபூஹனீஃபாவின் ஆண்டாக 2009ஐக் கொண்டாடினோம். கத்தாரின் உதவியில் எழும்பிய மாபெரும் பள்ளிவாசலை 2023இல் திறந்து, வரும் விருந்தாளிகளுக்கெல்லாம் காட்டுகிறோம். ஆனால் 2024இல் ஈத்கர்தக் என்ற பெருநாள் வழக்கமும் தடையாயிற்று. பெருநாள் காலையில் வீடுவீடாகப் போய் மிட்டாய் வாங்கும் குழந்தைகளால் நாட்டுக்கு என்ன ஆபத்து வந்ததோ, உங்களுக்குத்தான் வெளிச்சம்.

மன்னியுங்கள், கேட்க வந்ததை விட்டு எங்கேயோ போய்விட்டேன்.

தீவிரவாதத்துக்கு அஞ்சுகிறீர்கள், பிள்ளையைப் பெற்ற நான் உங்களைவிட அஞ்சுகிறேன். மூன்று வருடத்தில் அவனும் தெருப் பையன்களைப் போல ரஷ்யாவுக்கு வேலைக்குப் போவான். அங்கே முகம் தெரியாத ஒருவன் மார்க்கம் சொல்லித்தருவதற்கு முன்னால், நீங்கள் அமர்த்திய உஸ்தாதிடம், நீங்கள் பார்த்து அனுமதித்த பாடநூலில் இவன் படிக்கட்டும். நீங்களே வந்து வகுப்பில் உட்காருங்கள், ஆட்சேபமில்லை. ஒரு மதரசாவைத் திறந்துவிடுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

பாட்டனாருக்காகக் குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை ஓதப் பழக வேண்டும் என்கிறான் மகன். எனக்கே உச்சரிப்பு அரைகுறை.

துஷான்பேயில் ஒரு தகப்பன்