லாவோஸ் மண்ணில் கிடக்கும் கடன்: அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். என் மேசைமீது ஓர் அலுமினியக் கரண்டி இருக்கிறது. லாவோஸின் சியாங்குவாங் மாகாணத்திலுள்ள நாபியா என்னும் சிற்றூரில், போர்க்காலக் குண்டுகளின் உலோகத்தை உருக்கி அச்சில் வார்த்துச் செய்த கரண்டி அது. கையில் எடுத்தால் எடையே தெரியாது.

லாவோஸின் நடுநிலையைக் காப்போம் என்று 1962இல் ஜெனீவாவில் கையொப்பமிட்ட நாடுகளுள் உங்கள் நாடும் வட வியட்நாமும் இருந்தன. இரண்டுமே வாக்குத் தவறின. ஆனால் வியட்நாம் போரையொட்டி 1964 முதல் 1973 வரை லாவோஸ்மீது வானிலிருந்து பொழிந்தது உங்கள் படைதான். ஏறத்தாழ 5,80,000 முறை விமானங்கள் பறந்து, 20 லட்சம் டன்னுக்கும் மேலான குண்டுகளைக் கொட்டின. அன்றைய மக்கள்தொகையைக் கணக்கிட்டால் தலைக்கு ஏறக்குறைய ஒரு டன். 1968 நவம்பரில் தாம் பியூ குகைக்குள் ஒளிந்திருந்த நூற்றுக்கணக்கானோர் ஒரே தாக்குதலில் மாண்டார்கள். இத்தனையும் அறிவிக்கப்படாத போர் என்பதால், உங்கள் அவைக்கே இதன் முழு விவரம் நெடுங்காலம் மறைக்கப்பட்டிருந்தது.

கொத்துக் குண்டுகளிலிருந்து சிதறிய சிறு குண்டுகள் மட்டும் சுமார் 27 கோடி. அவற்றில் 30 விழுக்காடு வரை வெடிக்கவில்லை என்பது மதிப்பீடு. ஊர்மக்கள் அவற்றை 'பொம்பி' என்கிறார்கள். டென்னிஸ் பந்தளவே இருப்பதால் குழந்தைகள் விளையாட எடுக்கிறார்கள். குளிருக்கு மூட்டும் தீயின் சூட்டில், அடியில் புதைந்திருப்பது வெடிக்கிறது. மண்வெட்டியை ஆழமாக ஊன்ற அஞ்சும் உழவர் எப்படி விளைச்சல் காண்பார்? போர் முடிந்த பின்பும் சுமார் 20,000 பேர் இறந்தோ ஊனமுற்றோ போயிருக்கிறார்கள்.

2016 செப்டம்பரில் லாவோஸின் தலைநகர் வியஞ்சான் சென்ற அதிபர் ஒபாமா, லாவோஸ் மீள உதவுவது அமெரிக்காவின் தார்மீகக் கடமை என்று ஒப்புக்கொண்டு, மூன்றாண்டுகளுக்கு 9 கோடி டாலர் அறிவித்தார். அதை மனமார வரவேற்றவர்களுள் நானும் ஒருவன். ஆனால் 2025 ஜனவரியில் வெளிநாட்டு உதவிகள் திடீரென நிறுத்தப்பட்டபோது, குண்டு அகற்றும் பணியும் அதில் சிக்கியது. பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள் பலர் கருவியை ஏந்தி, அடியடியாக நிலத்தைத் தடவிச் செய்யும் வேலை அது. அதை ஆண்டுதோறும் மனம்போல் கொடுத்து, மனம்போல் நிறுத்தும் நன்கொடையாக நீங்கள் கருதுவதுதான் தவறு. பிறர் வயலில் நாம் போட்டதை நாமே அள்ளுவது எப்படி உதவியாகும்?

ஆகவே, ஆட்சி மாறினாலும் தடைபடாத பல்லாண்டு நிதியை, காயமுற்றோரின் செயற்கைக் கால்களுக்கும் சிகிச்சைக்கும் சேர்த்து, சட்டமாகவே இயற்றுங்கள். 2008ஆம் ஆண்டின் கொத்துக் குண்டுத் தடை உடன்படிக்கையில் லாவோஸ் தொடக்கத்திலேயே இணைந்துவிட்டது. உங்கள் கையொப்பம் இன்னும் அதில் இல்லை. அதையும் இடுமாறு உங்கள் அரசை வற்புறுத்துங்கள்.

பணிவுடன்,
தமிழ்நாட்டிலிருந்து ஒரு வாசகன்