இரும்புச்சத்து மாத்திரையும் டீயும்

அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.

வாரம் ஒருமுறை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை தருகிறோம். சின்ன வகுப்புக்கு ரோஸ் நிறம், 45 மி.கி. இரும்பு, பெரிய வகுப்புக்கு நீலம், 60 மி.கி. இவ்வளவு கொடுத்தும் சில பிள்ளைகளின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் சிவப்பே இல்லை, வெளிறிக் கிடக்கிறது. அது ரத்தசோகையின் அறிகுறி.

வீட்டில் முதலில் பார்க்க வேண்டியது டீயை. எவர்சில்வர் டம்ளரில் எத்தனை தேய்த்தாலும் விடாத பழுப்புக் கறை இருக்கிறதே, அந்தத் துவர்ப்புச் சத்துதான் குடலில் இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாமல் செய்கிறது. சாப்பாட்டோடு ஒரு கப் கறுப்பு டீ குடித்தால், சேர வேண்டிய இரும்பில் 79 முதல் 94 சதவீதம் வரை குறைந்ததை 1999-இல் வெளியான ஆய்வு காட்டியது. பால் ஊற்றினாலும் பெரிய வித்தியாசம் இல்லை. 2017-இல் பிரிட்டனில் பெண்களிடம் நடந்த ஆய்வில், சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து டீ குடித்தபோது இந்த இழப்பு நன்றாகக் குறைந்தது.

நடவு, களையெடுப்புக் காலத்தில் விடியற்காலையே கிளம்ப வேண்டியிருக்கிறது. டீயும் பன்னும்தான் கைக்கு வருகிறது. புரிகிறது. ஆனாலும் இட்லிக்கோ பழைய சோற்றுக்கோ முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீயும் காப்பியும் வேண்டாம்.

முருங்கைக்கீரை நல்லதுதான். ஆனால் கீரையின் இரும்பு உடம்பில் சுலபமாகச் சேராது. அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு அரை எலுமிச்சை பிழியுங்கள். கொதிக்கும்போது பிழிந்தால் வைட்டமின் சி வீணாகிவிடும். கூடவே ஒரு துண்டு மீன் இருந்தால் கீரையின் இரும்பும் கூடுதலாகச் சேரும். கொய்யா, நெல்லிக்காயும் உதவும்.

மாத்திரை போட்ட பின் மலம் கறுப்பாகப் போகும். பயந்து நிறுத்திவிடாதீர்கள், அது உடம்பில் சேராத இரும்பு. வெறும் வயிற்றில் போட்டால் அதிகம் குமட்டும், ஆகவே மாத்திரை நாளில் பிள்ளை சாப்பாட்டைத் தவிர்க்கக் கூடாது. ஒரு வாரம் விட்டுப்போனால் அடுத்த வாரம் இரண்டாகக் கொடுக்க வேண்டாம், வயிறுதான் கெடும்.

வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் செருப்புப் போடச் சொல்லுங்கள். கொக்கிப்புழு பாதத்தின் தோல் வழியாக நுழைந்து, குடலில் ஒட்டி ரத்தம் குடிக்கும்.

தலசீமியா என்னும் பரம்பரை ரத்த நோய் உள்ள, அடிக்கடி ரத்தம் ஏற்றும் பிள்ளை என்றால் வகுப்பாசிரியரிடம் உடனே சொல்லுங்கள். மருத்துவர் சொல்லாமல் அந்தப் பிள்ளைக்கு இந்த மாத்திரை தரக் கூடாது. கர்ப்பிணிகள் வாங்கி வரும் இரும்பு மாத்திரை அட்டையைச் சின்னக் குழந்தைக்கு எட்டாமல் வையுங்கள். மிட்டாய் என்று நினைத்து நாலைந்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. வாந்தி வரும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்